சேலை எடுத்து வைக்கப்படும்

கடைக்காரர்கள் தூங்குகிற நேரத்திலும் அவர்கள் பெயரில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது என் பிழைப்பு. நானே உட்கார்ந்து சொல்வதில்லை. கடை எண்ணுக்கு யாராவது மெசேஜ் அனுப்பினால், அதில் இருக்கும் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தானாகப் போகும் பதில்களை முன்கூட்டியே எழுதி வைப்பேன். விலை கேட்டால் விலை போகும், வழி கேட்டால் வழி போகும். சும்மா வணக்கம் வைத்தால் திருப்பி ஒரு வணக்கமும், கூடவே புதிதாக வந்த சரக்கின் படமும் போகும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு மேசையும் ஒரு கணினியும்தான் அலுவலகம். ஓய்வுபெற்ற வாத்தியாரான என் அப்பா இன்றுவரை இதை ஒரு வேலையாக ஒப்புக்கொள்ளவில்லை. "பேசாதவன் பேருல நீ பேசுத. இதுக்கு துட்டும் குடுக்கானா?" என்பார். கொடுக்கிறார்கள்.

அந்தப் புரட்டாசியில் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக் கடைக்கு இந்த வேலையை எடுத்திருந்தேன். பழைய கடை. முதலாளி அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். அவருடைய அப்பா காலத்திலிருந்து துணி எடுக்கும் குடும்பங்கள் பாபநாசத்திலிருந்து ஏரல் வரைக்கும் ஆற்றின் இரு கரையிலும் உண்டு. எல்லோரிடமும் அண்ணாச்சியின் ஒரே எண்தான் இருந்தது. போன தீபாவளிக்கு அந்த எண்ணில் வந்து குவிந்த மெசேஜைப் பார்க்கவே அவருக்கு நேரமில்லாமல் போய்விட்டது. பதில் வராதவர்கள் நகரும் படிக்கட்டு வைத்த புதுக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். இந்தத் தீபாவளிக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என்னென்ன மாதிரி மெசேஜ் வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கல்யாணம், வளைகாப்பு, சடங்கு, பள்ளிக்கூடச் சீருடை, மாற்றிக் கொடுப்பது. வாழ்த்து வாசகத்தை அண்ணாச்சியே சொன்னார். "உங்கள் வீட்டு விசேஷம் சிறக்க எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். இத எல்லாத்துக்கும் கீழ போட்டுருங்கம்மா. வாய் நெறைய வாழ்த்தி அனுப்புனாத்தான் கடைக்கு நல்லது."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

நான் விடவில்லை. கேட்டதையே நாலு விதமாகக் கேட்பது என் சுபாவம், தொழிலுக்கும் அது வேண்டியிருக்கிறது. "துட்டி வீட்டுக்கு எடுக்கவும் வருவாங்கல்லா அண்ணாச்சி? அதுக்கு என்ன பதில் வைக்க?"

சாவைக் குறிக்கும் அந்தச் சொல்லைக் கேட்டதும் அவர் சட்டென்று கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "யம்மா, கலியாணச் சேலை விரிச்சுப் போட்டிருக்க எடம். அந்தப் பேச்ச இங்கன எடுக்காதிய. அதுக்கெல்லாம் எழுத்து கெடையாது. அவ்வோ போன் பண்ணுவாவ, நான் எடுப்பேன். நீங்க நல்ல காரியத்த மட்டும் எழுதுங்க."

நல்ல காரியத்தை மட்டும் எழுதினேன். எண்ணை மெஷினுக்கு மாற்றிய அன்று, பழைய சிம் கார்டை ஒரு பழைய போனில் போட்டுக் கல்லா மேசை இழுப்பறையில் வைத்தோம். அண்ணாச்சிக்குப் புது எண் வாங்கிக் கொடுத்தேன். கடை திறந்திருக்கும்போது பழைய போன் அடித்தால் யாராவது எடுப்பார்கள். கடை பூட்டினால் போனும் உள்ளே இருக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு பேருக்கும் அது உறைக்கவில்லை.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த மாதம் மட்டும் ஞாயிறு கடை விடுமுறை. நான் கோயிலில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் சர்ச்சுக்குக் கோயில் என்றும் போதகருக்கு ஐயர் என்றும்தான் பேச்சு. ஐயர் பிரசங்கத்தை ஆரம்பித்து நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. ஒரே ஆளிடம் மெஷின் மூன்று தடவை 'புரியவில்லை' என்று சொன்னால், அந்த உரையாடல் முடிந்ததும் எனக்கு எச்சரிக்கை வரும்படி வைத்திருந்தேன். அந்தக் கடையில் மெஷினுக்கு முதல் வாரம் என்பதால், பக்கத்தில் இருந்த அத்தை முறைப்பதைக் கண்டுகொள்ளாமல் மடியில் வைத்துத் திறந்தேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் முதல் மெசேஜ் வந்திருந்தது.

"அண்ணாச்சி, போன் பண்ணுனேன், எடுக்கல. பெரிய அக்கா போயிட்டா. ஏரல்ல. நாங்க பாபநாசத்துல இருந்து கெளம்பிட்டோம். சேலை ஒண்ணு எடுத்து வையுங்க. வார வழியில வாங்கிக்கிடுதோம்."

அதற்குக் கீழே என் பதில். மெஷினின் பதில் என்று சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் என் கையால் தட்டியது. "வணக்கம்! உங்கள் செய்தி கண்டு மிக்க மகிழ்ச்சி! நீங்கள் கேட்ட சேலை எடுத்து வைக்கப்படும். உங்கள் வீட்டு விசேஷம் சிறக்க எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்! பட்டு என்றால் 1, பருத்தி என்றால் 2 என்று அனுப்பவும்." கூடவே ஒரு பூங்கொத்துப் படம்.

"என்ன அண்ணாச்சி இது" என்று கேட்டிருந்தார் அவர்.

"மன்னிக்கவும், புரியவில்லை. பட்டு என்றால் 1, பருத்தி என்றால் 2."

"அத்தான் இருக்காவ. வழக்கம்போல குடுங்க."

"மன்னிக்கவும், புரியவில்லை."

சிறிது நேரம் கழித்து அந்த மனிதர் '2' என்று அனுப்பியிருந்தார். அக்கா செத்துக் கிடக்கிறாள், காரில் போய்க்கொண்டே அவர் மெஷின் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார். மெஷின் நன்றி சொல்லியிருந்தது. திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் சேலை தயாராக இருக்கும் என்றது. இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்றும் கேட்டிருந்தது.

"கடை பூட்டி இருக்கு அண்ணாச்சி. வாசல்ல நிக்கோம். பன்னெண்டுக்குள்ள எடுக்கணும்னு சொல்லுதாவ."

"மன்னிக்கவும், புரியவில்லை."

"நீங்களா எழுதுதிய இத?"

அதோடு சரி. அவரிடமிருந்து வேறு எதுவும் இல்லை. உரையாடல் நின்றுபோனால் போகும் கடைசி வாசகத்தையும் மெஷின் மறக்காமல் அனுப்பியிருந்தது. 'நன்றி. மீண்டும் வருக!'

பிரசங்கத்தின் நடுவே எழுந்து வெளியே வந்தேன். அந்த எண்ணைக் கூப்பிட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. தெரியாத எண்ணை அவர் ஏன் எடுக்கப்போகிறார்? அண்ணாச்சியின் புது எண்ணைக் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். "போன வச்சிட்டு ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்காவ. குறுக்குத்துறைக்கு. என்னம்மா, ஏதும் விசேஷமா?" விசேஷம் என்ற சொல்லே காதில் நாராசமாக விழுந்தது. வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஒருத்தி இறந்துபோனால் அவள் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வரவேண்டும். கோடி என்பார்கள். அண்ணன் தம்பிமார் கொண்டுவந்து போடவேண்டும், அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். இது எங்கள் சனங்களிடமும் உண்டு, சிலுவையைப் போட்டுக்கொண்டதால் விட்டுப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு எமகண்டம் பிறக்கும். அதற்குள் எடுப்பார்கள். அந்தத் தம்பி இந்நேரம் ஏரலை நெருங்கியிருப்பார். கையில் சேலை இருக்குமா? வேறு எங்காவது வாங்கியிருக்கவேண்டும் என்று பாலத்தைத் தாண்டும்போது ஜெபம் பண்ணினேன். ஆராதனையில் அவ்வளவு மனதோடு ஜெபம் பண்ணி எத்தனையோ நாளாகிவிட்டது.

அண்ணாச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்று தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். படித்துறையில் நின்று கத்தினேன். கோயிலுக்குக் கட்டிய சேலையோடு நான் அங்கே நிற்பதைப் பார்த்ததுமே பதறிக்கொண்டு ஏறி வந்தார். கண்ணாடி இல்லாததால் அவரால் போனில் எதையும் படிக்க முடியவில்லை.

"படிங்கம்மா."

படித்தேன். சுற்றிலும் குளிக்கிற ஆட்கள், துணி துவைக்கிற பெண்கள். முதல் மெசேஜைப் படித்து முடித்ததும் நிறுத்தினேன். "பொறவு நம்ம என்ன சொன்னோம்?" என்றார். சொல்லாமல் முடியாது. மிக்க மகிழ்ச்சி என்று படித்தேன். வாழ்த்துகள் என்று படித்தேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி கையை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

அண்ணாச்சி ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவி! என்ன செஞ்சு வச்சிருக்க நீ?" என்றார். அதுவரை 'நீங்க' என்றுதான் பேசுவார். எனக்குச் சுருக்கென்றது.

"ஏரல்ல கடை இருக்கும்லா அண்ணாச்சி? வழியில வாங்கியிருப்பாங்க" என்றேன்.

"வாங்க மாட்டான்." எழுந்துவிட்டார். "கோடிக்கு ரெண்டு கடை ஏறக்கூடாதும்மா. ரெண்டாவது கடை ஏறுனா ரெண்டாவது சாவுன்னு அர்த்தம். மொதக் கடையில இல்லன்னு சொன்னா அடுத்த கடைக்குப் போலாம். நம்ம என்ன சொல்லியிருக்கோம்? எடுத்து வைக்கோம்னு சொல்லியிருக்கோம். அதுக்கு மேல அவன் எங்க போயி வாங்குவான்?"

இல்லை என்றாவது அந்த மெஷின் சொல்லியிருக்கக்கூடாதா என்று இருந்தது. இல்லை என்று சொல்ல நான் அதற்குக் கற்றுக்கொடுக்கவே இல்லை. வாடிக்கையாளரிடம் இல்லை என்று சொல்லாதே என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம்.

ஈர வேட்டியோடு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தார். கடைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. பின்வாசல் சாவி அவர் அரைஞாண் கயிற்றிலேயே கிடந்தது, குளிக்கும்போதும் அவிழ்ப்பதில்லையாம். உள்ளே விளக்குப் போடவில்லை. முதல் நாள் கல்லாப் பக்கம் உட்கார்ந்து எழுதியபோது, இதில் என்ன என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் விட்ட ஓர் இரும்பு அலமாரியைத் திறந்தார். அதில் இருந்த சேலைகளில் விலைச் சீட்டு எதுவும் இல்லை. "அத்தான் இருக்காவன்னு எழுதியிருந்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அரக்குச் சிவப்பில் ஒரு சேலையை உருவினார். கோடி எடுக்க வந்தால், புருஷன் இருக்கிறாரா என்கிற ஒன்றை மட்டும்தான் அந்தக் கடையில் கேட்பார்கள். அதை வைத்து நிறம். கேட்கும் முன்பே அந்தத் தம்பி பதில் சொல்லியிருக்கிறார். கடை எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போனோம், அவருடைய கார் வாசலில் நின்றது. அண்ணாச்சி உள்ளே போய் ஒரு சட்டையை மாட்டி, கண்ணாடியை மறந்து போனை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, கார் சாவியை என்னிடம் நீட்டினார். "நீ ஓட்டு. நான் சேலையக் கையிலயே வச்சிருக்கணும்."

அவர் தன் போனிலிருந்து அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இந்தப் புது எண்ணும் அந்தத் தம்பிக்குத் தெரியாத எண்தான். சேலையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பையில் போடவில்லை. கோடியைப் பையில் போடக்கூடாதாம். வாங்க என்று கூப்பிடக்கூடாது, பேரம் கூடாது, பில் கூடாது, கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

"இத்தன இருக்குல்லா அண்ணாச்சி. நான் அன்னைக்கே கேட்டேன். எழுத வேண்டாம்னு நீங்கதான் சொன்னிய."

"ஆமா, சொன்னேன். கலியாணச் சேலை விக்குத எடத்துல அத எப்படிம்மா எழுதச் சொல்ல?"

"எழுதாம அது எப்படித் தெரிஞ்சுக்கிடும்?"

"இது எழுதித் தெரிய வேண்டிய விசயமா? மனுசனுக்குத் தெரியாதா?"

"அது மனுசன் இல்ல அண்ணாச்சி!" கத்திவிட்டேன். எதிரே வந்த பஸ் ஒலி எழுப்பியது.

"அவ கலியாணத்துக்குச் சேலை எடுக்க வந்தப்ப எடுத்துக் காட்டுனது நான்தான்" என்றார் அண்ணாச்சி, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "எங்க அப்பா கல்லால இருந்தாவ. அந்தத் தம்பி சின்னப் பய, அக்கா கையப் பிடிச்சிக்கிட்டே நின்னான். ஏரல் வீட்டுக்காரவ அப்பவே ஒரு மாதிரி. பொறந்த வீட்டுல இருந்து என்ன வந்தாலும் கொறை சொல்லுவாவ. இன்னைக்கு அவன் வெறுங்கையோட போயி நின்னா, வாய்ல போட்டு மென்னுருவாவம்மா."

அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. விசாரித்துவிட்டு வாங்காமல் போகிறவர்களுக்குச் சில மணி நேரத்தில் ஒரு நினைவூட்டல் போகும்படி வைத்திருந்தேன். நானே ரசித்துச் செய்தது. பட்டுடுத்திய மணப்பெண் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள், பின்னால் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும். 'உங்கள் சேலை உங்களுக்காகக் காத்திருக்கிறது!' என்று எழுத்து ஓடும். அது இப்போது அந்தத் தம்பியின் போனுக்குப் புறப்பட வரிசையில் நிற்கும்.

நான் சொன்னதும் அண்ணாச்சி என் போனைக் கையில் எடுத்தார். கண்ணாடி இல்லை. இருந்தாலும் அவருக்கு அந்தத் திரையில் எதை எங்கே தொடுவது என்று தெரியப்போவதில்லை. ஓரமாக நிறுத்தலாம் என்றால் நேரம் போகிறது. நல்லவேளையா கெட்டவேளையா தெரியவில்லை, வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. காரை நிறுத்திவிட்டு போனை வாங்கி மெஷினின் பக்கத்தைத் திறந்தேன். வட்டம் சுற்றியது. இரண்டு பக்கமும் வாழைத் தோட்டம், சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது.

"வந்துட்டா?"

"இல்ல."

"மொத்தத்தையும் அணைச்சிரும்மா. எவனுக்கும் ஒண்ணும் போவாண்டாம்."

அந்தத் தம்பி பெயரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அனைத்தையும் நிறுத்து என்ற பொத்தானை அழுத்தினேன். உறுதியாகவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். திரை வெள்ளையாகி அப்படியே நின்றது. ரயில் தடதடவென்று கடந்தது, கேட் தூக்கியது, பின்னால் இருந்த வண்டிகளெல்லாம் ஒலி எழுப்பத் தொடங்கின. திரை இன்னும் வெள்ளையாகவே இருந்தது. நின்றதா, நிற்கவில்லையா, ஒன்றும் தெரியாமல் வண்டியை எடுத்தேன்.

ஏரலில் அந்தத் தெருவைக் கேட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தெரு நிறைய ஆட்கள். பந்தலுக்கு வெளியே காரை நிறுத்தியபோது உள்ளே குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். ஒரு பெரியவர் பொறுமையில்லாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பொறந்த வீட்டுக் கோடி எங்கய்யா? நேரம் போவுதுல்லா!"

"அவ்வோ வந்து ரொம்ப நேரமாச்சி. கையில ஒண்ணையும் காணும்" என்றது ஒரு பெண்குரல்.

"சரி, இருக்கதப் போத்திட்டு எடுங்க. எப்பவும் அப்படித்தான" என்றார் இன்னொருவர். அதைச் சத்தமாகவே சொன்னார்.

பந்தல் ஓரத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் தலையைக் குனிந்து நின்றார். வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். சுற்றி இவ்வளவு பேர் இருந்தும் அவர் பக்கத்தில் யாரும் இல்லை. அண்ணாச்சி யாரிடமும் எதுவும் கேட்காமல் நேரே அவர் முன்னால் போய் நின்றார். வேட்டி இன்னும் முழுக்கக் காயவில்லை, நடந்த வழியில் மண் ஒட்டியிருந்தது. இரண்டு உள்ளங்கையிலும் சேலையை ஏந்தி நீட்டினார். பேசவில்லை. அந்தத் தம்பி நிமிர்ந்து முதலில் சேலையைப் பார்த்தார், அப்புறம் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து அந்தத் தம்பியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

என் உயிர் என்னிடம் இல்லை. நாதஸ்வரம், நாதஸ்வரம் என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் போனை எடுத்தார், திரையைப் பார்த்தார், ஒரு விரலால் அழுத்திவிட்டு மறுபடி பையில் போட்டார். யாரோ துக்கம் விசாரிக்கக் கூப்பிட்டிருக்கவேண்டும். பிறகு இரண்டு கையையும் நீட்டிச் சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் பெண்களின் அழுகை ஒன்றாகக் கிளம்பியது. எப்பவும் அப்படித்தான் என்று சொன்ன ஆள் ஒதுங்கி வழிவிட்டார்.

நான் காரில் சாய்ந்து நின்றேன். போனில் சிக்னல் வந்திருந்தது. எல்லாம் நிறுத்தப்பட்டிருந்தது. நினைவூட்டல் போகவில்லை. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

கோடி கொடுத்த கடைக்காரர் அங்கே நிற்கக்கூடாது, சொல்லிக்கொண்டும் கிளம்பக்கூடாது. அண்ணாச்சி காருக்கு வந்து கதவைத் திறந்துவிட்டார். உள்ளே பெண்கள் சேலையைப் போர்த்துவதற்காகச் சுற்றித் துணி பிடித்திருந்தார்கள், ஆண்களெல்லாம் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தத் தம்பி எங்களை நோக்கி வந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். திட்டட்டும் என்றும் இருந்தது.

"அந்த வாழ்த்து எழுதுனது யாரு அண்ணாச்சி?"

மெஷின் என்று நான் வாயெடுத்தேன். அண்ணாச்சி முந்திக்கொண்டார். "வார்த்த என்னோடதுதான்வே. கலியாணத்துக்குன்னு சொல்லி வச்சேன். அனுப்புனது மெஷின். அது ஆளப் பாக்காது, தன்னால அனுப்பும்."

"மெஷினா." அவர் அதை யோசித்துப் பார்ப்பதுபோல் நின்றார். "நான் அது உங்ககிட்ட வேல பாக்குத யாரோன்னு நெனச்சேன். எங்கமேல என்ன கோவமோன்னு வழியெல்லாம் யோசிச்சிக்கிட்டு வந்தேன்."

"கோவமா? என்னவே பேசுத?"

"அப்பம் நான் எழுதுனத நீங்க படிக்கலையா?"

"நான் ஆத்துல நின்னேன்வே. படிக்கல."

"அப்பம் யாருமே படிக்கலையா?"

அண்ணாச்சி கையால் என்னைக் காட்டினார். அந்தத் தம்பி என் பக்கம் திரும்பினார். அதுவரை என்னை டிரைவர் என்றோ, அண்ணாச்சியின் மகள் என்றோ நினைத்திருப்பார்.

"நீ படிச்சியாம்மா?"

"படிச்சேன்" என்றேன். "கோயில்ல இருக்கும்போது படிச்சேன். உடனே கெளம்பிட்டேன்."

பந்தலில் அத்தனை பேர் முன்னாலும், அவ்வளவு பேச்சுக்கும் அழாமல் நின்ற மனிதர் அவர். படிச்சேன் என்றதும் வாய் கோணிக்கொண்டது. காரின் கூரையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா போயிட்டாம்மா" என்றார்.

காலையில் எழுதிய அதே வார்த்தைகள். ஊரில் எத்தனையோ கடைகளுக்கு எதற்கு என்ன சொல்வது என்று எழுதிக் கொடுக்கிறவள் நான். எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றேன்.